கொப்பரையின் மணமும் கலயத்தின் மணமும்

பெல்ஜியம் தேசத்துத் துறவி மடங்களில் காய்ச்சப்படும் கருநிற பீரைச் சுவைத்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளைப் புரட்டினால், உலர்திராட்சை, பேரீச்சை, அத்திப்பழம், சுட்ட ரொட்டியின் மேற்புறணி, கிராம்பு, கனிந்த வாழைப்பழம் என்று சில பெயர்களே மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். வெஸ்ட்மால் மடத்தின் 'துப்பெல்' ஆகட்டும், ரோஷ்ஃபோர் மடத்தின் 'பத்தாம் எண்' பீராகட்டும், இந்தப் பட்டியலிலிருந்து வெகுதூரம் விலகுவதில்லை. ஆயினும் அந்தப் பழங்களில் ஒன்றையோ, ஒரு கிராம்பையோ அவற்றுக்குள் யாரும் இடுவதில்லை. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை, தண்ணீர், ஹாப் கொடியின் பூ, கருக்கக் காய்ச்சிய சர்க்கரைப்பாகு, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் ஆகியவைதாம் பிரதானமாக உள்ளே செல்லும் பொருள்கள். உள்ளே செல்லாத திராட்சை வெளியே எப்படி வந்தது என்ற கேள்விக்கு ரசாயன சாஸ்திரம் சொல்லும் விடை, தீயும் நுண்ணுயிரும் தனித்தனியே செய்யும் இரண்டு பெருந்தொழில்களைப் பற்றியது. அவ்விரண்டையும் கண்ணாரக் காண்பதற்கு நாம் ஐரோப்பாவுக்குப் போகவேண்டியதில்லை. ஆனைமலைத் தொடருக்குத் தென்கிழக்கே இடுக்கி மாவட்டத்து மறையூரில், கரும்புச்சாறு கொதிக்கும் கொட்டகைகளில் முதல் தொழிலையும், அதே மலைக்கு வடமேற்கே பாலக்காட்டுச் சித்தூரின் தென்னந்தோப்புகளில் இரண்டாவது தொழிலையும் அருகில் நின்றே பார்க்கலாம். இரண்டும் கேரள ராஜ்யத்துக்கு உட்பட்டவை. இரண்டிலும் தமிழ் அன்றாடம் புழங்குகிறது.

ருசி என்று நாம் பொதுவாகச் சொல்லுவதில் நாவின் பங்கு மிகவும் குறைவு என்பதை முதலில் நினைவிற் கொள்ளவேண்டும். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்னும் ஐந்தை மட்டுமே நாக்கு அறியும். திராட்சையையும் கிராம்பையும் அறிவது மூக்கு. விழுங்கும் தறுவாயில், வாயின் உஷ்ணத்தால் ஆவியான நுண்துகள்கள் தொண்டையின் பின்வழியாக மேலேறி நாசியின் உச்சியைத் தொடுகின்றன. ஜலதோஷம் பிடித்தவருக்கு எந்தச் சாப்பாடும் சப்பென்றிருப்பது இந்த வழி அடைபட்டுவிடுவதாலேயே. பழகிய மணம் பழகிய சுவையையும் உடன் அழைத்து வருவது மூளையின் சுபாவமாதலால், சர்க்கரை அநேகமாகத் தீர்ந்துபோன ஒரு பீரிலும் பாகின் மணம் இருக்குமானால் அது இனிப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. கருநிற பீரைப் பனிக்கட்டிபோலக் குளிர்வித்துப் பருகாமல், 10 முதல் 14 பாகை வரையிலான மிதமான குளிர்ச்சியிலேயே அந்நாட்டார் பருகுவதும், மணப்பொருள்கள் ஆவியாவதற்கு அவ்வளவு சூடாவது வேண்டும் என்பதனால்தான்.

இனி மால்ட்டைச் சொல்லலாம். வாற்கோதுமையை ஊறவைத்து முளைக்கவிடும்போது, முளைக்கு ஆகாரம் தேடித்தரும் பொருட்டு விதைக்குள் நொதிகள் உண்டாகி, மாவுச்சத்தைச் சர்க்கரையாகவும் புரதத்தை அமினோ அமிலங்களாகவும் உடைக்க ஆரம்பிக்கின்றன. முளை நீண்டு அந்த ஆகாரத்தைத் தின்று தீர்ப்பதற்குள், சூடான காற்றில் உலர்த்தி அதை நிறுத்திவிடுவதே மால்ட் செய்யும் தொழில். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் பொருட்டுக் கேழ்வரகை முளைகட்டி, நிழலில் உலர்த்தி, இளந்தீயில் வறுக்கும்போது அடுக்களையில் பரவுகிறதே, அந்த மணமும் மால்ட்டின் மணமும் ஒரே வினையால் பிறப்பவை. மறையூரை அடுத்த சின்னாறு வனத்தின் குடிகளில் வாழும் முதுவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேழ்வரகு விதைத்து வருபவர்களாதலால், அந்த மலையில் முளைத்த தானியத்தின் மணம் புதியதன்று. உலர்த்தும் சூடு 80 பாகையளவில் நின்றால் மால்ட் வெளுப்பாக இருக்கும். ஈரத்தோடு வைத்து உள்ளேயே சர்க்கரை ஊறச்செய்து, பிறகு 120 பாகைக்கு மேல் வறுத்தால் செம்பழுப்பாகி, உலர்திராட்சையின் மணத்தைத் தரும். 200 பாகையைக் கடந்தால் காப்பிக்கொட்டை போலக் கருத்துக் கசக்கும். இங்கிலாந்தில் டேனியல் வீலர் என்பவர் 1817-இல் சுழலும் உருளையில் மால்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பின்னரே இந்த மிகக் கரிய மால்ட் கருகித் தீயாமல் செய்யக்கூடியதாயிற்று.

இவ்வளவையும் ஒரே இடத்தில், ஒரே கொப்பரையில், சில மணி நேரத்துக்குள் கண்முன்னே நிகழ்த்திக் காட்டுவது மறையூர். மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் சாலையில், தேயிலையின் ஈரப்பச்சை முடிந்து சந்தன வனம் தொடங்குமிடத்தில் அந்த ஊர் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மேற்குச் சரிவுகளே வாங்கிக்கொண்டுவிடுவதால் அது ஒரு மழைமறைவுப் பிரதேசம். கேரளத்திலிருந்து கிழக்கு நோக்கி ஓடுகிற மூன்றே நதிகளில் ஒன்றான பாம்பாறு அவ்வழியே இறங்கி, அமராவதியில் கலந்து காவிரியைச் சேர்கிறது. குளிர்ந்த இரவும் உலர்ந்த காற்றும் கரும்பு முதிரும் பருவத்தில் தண்டில் சர்க்கரை சேர்வதற்கு அனுகூலமானவை என்பது வேளாண்மையின் பொதுவிதி. மறையூரிலும் காந்தளூரிலும் விளைந்த கரும்பிலிருந்து கைப்பிடியாக உருட்டப்படும் கருமை கலந்த வெல்லத்துக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

கொட்டகைக்குள் நடப்பது பார்வைக்கு எளியது. ஆலையில் ஆட்டிய சாறு அகன்ற கொப்பரையில் விழுகிறது. அடியில் எரிவது முன்பு பிழிந்து காயவைத்த அதே கரும்பின் சக்கை. சாறு சூடேறும்போது சிறிது சுண்ணாம்பு சேர்க்கப்படுகிறது. அதனால் அமிலம் தணிந்து, புரதமும் மற்றக் கசடும் திரண்டு மேலே மிதக்க, அந்த அழுக்கை வாரி வாரி எடுத்துவிடுகிறார்கள். ஆரம்பத்தில் எழுவது பச்சைப்புல்லின் வாசனை. தண்ணீர் வற்ற வற்ற அது அகன்று, கொதிக்கும் குமிழிகள் சிறுமையும் சலசலப்பும் நீங்கிப் பருத்து, மெல்ல எழுந்து மெல்ல உடையும் நிலைக்கு வருகையில், நெய்யையும் பழத்தையும் நினைவூட்டும் ஒரு கனத்த பரிமளம் கொட்டகையை நிறைக்கிறது. துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு விரல்நுனியில் உருட்டிப் பதம் பார்ப்பவருக்கு உஷ்ணமானி வேண்டியதில்லை. வைத்துப் பார்த்தால் அது ஏறத்தாழ 118 பாகையைக் காட்டும். பதம் தப்பினால் வெல்லம் இளகிப்போகும் அல்லது தீய்ந்துபோகும். அந்த இடைவெளி மிகச் சிறிது. பிறகு பாகை மரத்தொட்டியில் கவிழ்த்து, கிளறி ஆற்றி, சூடு தாங்கும் கைகளால் உருண்டை பிடிக்கிறார்கள்.

இங்கே கவனிக்கத்தக்க ஒரு சூட்சுமம் உண்டு. சுத்தமான கரும்புச் சர்க்கரையைத் தனியே வாணலியில் இட்டுச் சூடாக்கினால், அது 160 பாகையைத் தாண்டிய பிறகே கணிசமாகப் பழுப்பாகத் தொடங்கும்; அதைக் கருகற்சர்க்கரை வினை எனலாம். கொப்பரையோ 118 பாகைக்கு மேல் போவதில்லை. அப்படியானால் வெல்லத்தின் கருமைக்குப் பெரும்பகுதி காரணம் வேறொன்றாக இருக்கவேண்டும். சர்க்கரையில் ஒரு பகுதி கொதிக்கும் சாற்றில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று பிளந்து, சாற்றிலேயே இருக்கும் அமினோ அமிலங்களோடு கூடிக் கிளைகிளையாக நூற்றுக்கணக்கான புதிய பதார்த்தங்களைப் பிறப்பிக்கிறது. பிரெஞ்சு ரசாயன அறிஞர் லூயி காமில் மயார் 1912-இல் முதன்முதல் விவரித்ததால் மயார் வினை என்று பெயர் பெற்ற இந்தத் தொடர்நிகழ்ச்சியின் கிரமத்தை, 1953-இல் அமெரிக்கரான ஜான் ஹாட்ஜ் படிப்படியாக வரைந்து காட்டினார். வினையின் கடைசிப் படியில் நிற்பவை மெலனாய்டின் என்னும் பழுப்புப் பொருள்கள், நிறம் அவற்றுடையது. இடைப்படிகளில் தோன்றி ஆவியாகும் சிறு மூலக்கூறுகளே மணம் தருபவை. ரொட்டியின் மேற்புறணியிலும், வறுத்த மால்ட்டிலும், வெயிலில் சுருங்கிய திராட்சையிலும் நடப்பது இவ்வினையே. ஆகையால், கருநிற பீரை முகர்ந்தவர் 'உலர்திராட்சை' என்று சொன்னது கற்பனையன்று. இரண்டிலும் அவர் கண்டுகொண்டது ஒரே குடும்பத்து மூலக்கூறுகளைத்தான்.

அந்தக் குடும்பத்தில் ஒன்றைத் தனியே எடுத்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். சோட்டோலோன் என்பது அதன் பெயர். கரும்பின் சுத்திகரிக்காத சர்க்கரைக்கு அதன் விசேஷ மணத்தைத் தரும் முக்கியப் பொருள்களில் அது ஒன்று. வெந்தயத்துக்கு வெந்தய மணத்தைத் தருவதும் அதுவே. நெடுங்காலம் வைக்கப்பட்ட கருநிற பீரிலும் அது தோன்றுகிறது. நூறு கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். அளவு குறைந்தால் பாகாகவும், மிகுந்தால் வெந்தயமாகவும் அது தோன்றும். வெந்தயத்தை நிறையச் சாப்பிட்டவரின் வியர்வையில் மறுநாள் ஓர் இனிய பாகு வாசனை வீசுவதற்குக் காரணம், உடம்பு சிதைக்காமல் வெளியேற்றிய இந்தப் பொருளே. வெந்தயக்களியில் கருப்பட்டியோ வெல்லமோ சேர்க்கும் நம் பெண்டிர், ஒன்றையொன்று தாங்கும் இரண்டு மணங்களை எந்த ஆய்வகத்தின் துணையுமின்றிச் சேர்த்துவைத்தார்கள் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

ஆனால் சந்தையில் கருமைக்கு மதிப்பில்லை. மஞ்சளாக, பளபளப்பாக இருந்தால்தான் நல்ல வெல்லம் என்ற எண்ணம் வாங்குவோரிடையே வேரூன்றிவிட்டதால், பல ஊர்களில் பாகு கொதிக்கும்போது ஹைட்ரோஸ் என்று வழங்கும் வெளுப்பானைத் தூவும் வழக்கம் வந்துவிட்டது. அதிலிருந்து பிறக்கும் கந்தகச் சேர்மங்கள் மயார் வினையின் இடைப்பொருள்களையே பிடித்து நிறுத்திவிடக் கூடியவை. அதாவது, நிறத்தை மட்டும் கழற்றிவிட்டு மணத்தை அப்படியே வைத்துக்கொள்வது இயலாது. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. ரசாயனம் சேர்க்காத கரிய வெல்லத்தைக் குறைந்த விலைக்குத் தள்ளி, வெளுத்ததற்கு அதிக விலை கொடுப்பவர், தாம் விரும்பி உண்ணும் பரிமளத்துக்கே அபராதம் விதிக்கிறார்.

பெல்ஜியத்தின் பீர்க்காரர் இந்த விஷயத்தில் கருமையை விலை கொடுத்து வாங்குகிறார். அங்கே கரும்பில்லை. நெப்போலியன் காலத்துக் கடல் முற்றுகையால் ஐரோப்பாவுக்குக் கரும்புச் சர்க்கரை வருவது தடைப்பட்டபோது செழித்து வளர்ந்த பீட்கிழங்குச் சர்க்கரைத் தொழிலின் பயனாக, அந்தச் சர்க்கரையைக் கருக்கக் காய்ச்சி எடுத்த பாகையே அவர்கள் கொதிகலத்தில் ஊற்றுகிறார்கள். வெஸ்ட்மால் மடத்தில் 1836-இல் பீர் காய்ச்சத் தொடங்கி, 1856-இல் கருநிற வகையையும் சேர்த்து, 1926-இல் அதன் பக்குவத்தைத் திருத்தி அமைத்தார்கள்; இன்றைய 'துப்பெல்' அதன் வழி வந்தது. மதுக்கடைகளில் வடிசாராயம் பரிமாறக் கூடாதென்று 1919-இல் வந்த வாண்டர்வெல்டே சட்டம், வீரியமான பீர்களுக்கு அந்நாட்டில் ஒரு தேவையை உண்டாக்கிற்று. மால்ட்டைக் கூட்டி வீரியத்தை ஏற்றினால் பீர் பாயசம்போலக் கனத்துவிடும். சர்க்கரையைச் சேர்த்தாலோ ஈஸ்ட் அதை முழுவதும் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிடுவதால், வீரியம் ஏறியும் உடம்பு இலேசாகவே இருக்கும். இனிப்பு போய்விடுகிறது, ஈஸ்ட் தீண்டாத மெலனாய்டின்களும் பாகின் மணமும் தங்கிவிடுகின்றன. வெஸ்ட்மால் துப்பெல்லின் ஆல்கஹால் 7 சதவீதம். ரோஷ்ஃபோரின் பத்தாம் எண் 11.3 சதவீதம்.

இதுவரை கிராம்பும் வாழைப்பழமும் வரவில்லை. அவற்றைத் தீயால் உண்டாக்க முடியாது. அதற்கு நாம் மலையைச் சுற்றிச் சித்தூருக்குப் போகவேண்டும்.

ஆனைமலையிலிருந்து வடக்கே இறங்கும் ஆழியாற்றின் தண்ணீர்தான் சித்தூர்ப்புழையாகப் பாய்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதியில், கரிசல் மண்ணும் காற்றும் மிகுந்த அந்தத் தாலுகாவின் தென்னந்தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்கும் நாள்தோறும் கள் வண்டியேறுகிறது. எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டில் கள் இறக்கவே தடை. விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டி, நாள்தோறும் பதமாகத் தட்டி, நுனியை மெல்லிய வில்லையாகச் சீவிவிட்டுக் கலயத்தைக் கவிழாமல் மாட்டுகிறார்கள். பூவுக்கும் காய்க்கும் போகவேண்டிய சாறு சொட்டுச் சொட்டாகக் கலயத்தில் விழுகிறது. சொட்டும் கணத்தில் அது ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கு சர்க்கரை கொண்ட, புளிப்பே இல்லாத, நிறமற்ற நீர். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது அப்படியே தங்கும். தடவாவிட்டால், மரத்திலிருந்து இறங்குமுன்பே நுரைகட்டிப் பால்நிறமாகிவிடுகிறது. காலையில் இறக்கியது இனிப்பு மாறாத இளங்கள். பொழுது ஏற ஏற அது மூத்துக் கடுத்துவிடும்.

யாரும் ஈஸ்ட் இடவில்லை. அது எப்படி வந்தது? பழைய கள்ளின் மண்டி கலயத்தின் சுவரில் ஒட்டியிருப்பது ஒரு வழி. மற்றொரு வழி பூச்சிகள். சீவிய பாளையைச் சுற்றி எப்போதும் ஈயும் எறும்பும் தேனீயும் மொய்த்துக்கொண்டிருக்கும். இறக்கும்போது கலயத்தில் செத்து மிதப்பவையும் உண்டு. அருவருப்பாகத் தோன்றும் இந்தக் காட்சிக்குப் பின்னால் ஓர் உடன்படிக்கை இருக்கிறது. ஈஸ்ட்டுக்குச் சிறகில்லை, ஒரு சர்க்கரை ஊற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக அதற்கு வாகனம் தேவை. பழமணம் தரும் எஸ்டர்களை அது வெளியிட, அதை முகர்ந்து வரும் பூச்சி அதைச் சுமந்து செல்கிறது. பெல்ஜியத்தின் லூவன் நகரத்து விஞ்ஞானிகள் 2014-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள்: எஸ்டர் செய்யும் ஒரு மரபணுவை நீக்கிவிட்ட ஈஸ்ட்டைப் பழ ஈக்கள் முன்போல நாடி வரவில்லை. வாழைப்பழத்தின் வாசனைக்கு முக்கியக் காரணமான ஐசோ அமைல் அசிடேட், அந்த மரபணுவின் துணையால் பிறக்கும் எஸ்டர்களில் ஒன்று. புதுக் கள்ளில் எழும் பழவாசனையிலும் எஸ்டர்களே முதன்மையானவை. கருநிற பீரில் முகர்வோர் சொல்லும் 'கனிந்த வாழைப்பழம்' இந்த எஸ்டரின் மணமே. நொதிக்கும் சூடு கூடினால் எஸ்டரும் பொதுவாகக் கூடும். மற்ற நாட்டார் பலரும் பீரைக் குளிரில் அடக்கி நொதிக்கவிட, பெல்ஜியத்து மடங்கள் 20 பாகைக்கு மேலும் ஏறவிடுகின்றன. பாலக்காட்டு வெயிலில் ஏற்றவேண்டிய அவசியமே இல்லை.

கிராம்பின் கதை வேறு. வாற்கோதுமையின் உமியிலும் செல்சுவர்களிலும் ஃபெருலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. சில ஈஸ்ட்டுகளுக்கு அது ஒவ்வாததாகையால், அதிலிருந்து ஒரு துணுக்கைக் கழற்றி, கிராம்பு மணமுள்ள வினைல் குவாயகோலாக மாற்றித் தள்ளிவிடுகின்றன. 2016-இல் லூவனைச் சேர்ந்த கெவின் வெர்ஸ்ட்ரெப்பென் குழுவினர் 157 ஈஸ்ட் வகைகளின் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்தபோது, மனிதனின் தொட்டிகளில் நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்த பீர் ஈஸ்ட்டுகள் பெரும்பாலானவற்றில் இந்தத் திறமைக்குரிய மரபணுக்கள் பழுதாகியிருப்பதைக் கண்டார்கள். கிராம்பு வாசனையை விரும்பாத காய்ச்சுவோர், அது இல்லாத ஈஸ்ட்டையே தொட்டிக்குத் தொட்டி எடுத்துவைத்ததன் விளைவு அது. கோதுமை பீருக்குரியவையும் பெல்ஜிய மடங்களின் ஈஸ்ட்டுகளிற் சிலவும் அத்திறமையை இழக்கவில்லை. ஷிமே மடத்தில் 1948-இல் தியோடோர் என்னும் துறவி, லூவன் பேராசிரியர் ழான் தெ கிளெர்க்கின் துணையோடு தம் மடத்து ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்துப் பேணியபோது, அவ்வாறு பிழைத்திருந்த ஒரு வம்சத்தையே காத்தார். தென்னங்கள்ளில் தானியத்தின் உமி இல்லை. ஆகவே ஈஸ்ட் எதுவானாலும், பீரிற்போலக் கிராம்பு அதில் ஓங்கி மணப்பதில்லை.

பீர், கள் இரண்டையும் விழுங்கியபின் தொண்டையில் தோன்றும் இளஞ்சூட்டுக்கும் விளக்கம் உண்டு. மிளகாயின் காரத்தையும் சுடுநீரின் சூட்டையும் உணர்த்துகிற நரம்புவாயில் ஒன்று, வழக்கமாக 42 பாகையளவில்தான் திறக்கும். ஆல்கஹால் பட்டதும் உடற்சூட்டுக்கும் கீழான 34 பாகையிலேயே திறந்துவிடுகிறது. சுடாத பானம் சுடுவதுபோலத் தோன்றுவது அதனாலேயே.

காலத்தின் விஷயத்தில்தான் இவ்விரண்டும் நேரெதிராகப் பிரிகின்றன. கள்ளில் ஈஸ்ட் தனியாக இல்லை. சைமோமோனாஸ் என்னும் ஆல்கஹால் செய்யும் பாக்டீரியாவும், புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாக்களும் உடனிருக்க, கடைசியில் காற்றின் பிராணவாயுவை உபயோகித்து அசிட்டிக் பாக்டீரியாக்கள் ஆல்கஹாலைக் காடியாக்குகின்றன. அது மணிக்கணக்கில் மாறும் திரவம். அப்பத்துக்கு மாவைப் பொங்கவைக்கும் பதம் ஒரு வேளைக்குரியது, மறுவேளைக்கு அது புளிப்பேறிவிடும். பீரிலோ, கொதிக்கவைத்ததனால் பிற உயிர்கள் அழிந்து, ஹாப்பின் கசப்பு மீதி பாக்டீரியாக்களில் பலவற்றைத் தடுத்து, புட்டியில் மறுபடி இட்ட சிறிது சர்க்கரையை உண்ணும் ஈஸ்ட் எஞ்சிய பிராணவாயுவையும் உறிஞ்சிவிடுவதால், வருஷக்கணக்கில் அது கெடாமல் நிற்கிறது. நிற்கும் காலத்தில் வாழைப்பழ எஸ்டர் மெல்லச் சிதைந்து மங்குகிறது; கிராம்பும் தணிகிறது; தீயின் வேலை மட்டும், சூடே இல்லாமல், மிக மந்தமாக உள்ளே தொடர்ந்து, சோட்டோலோனைக் கூட்டிக்கொண்டே போகிறது. பத்து வருஷத்துக் கருநிற பீரில் பழுத்த அத்தியும் ஷெர்ரி மதுவும் மணப்பதாக அனுபவசாலிகள் சொல்லுவதில் அந்த ஒரு மூலக்கூறுக்குப் பெரும்பங்குண்டு.

பீட்கிழங்குப் பாகுக்குப் பதிலாக மறையூர் வெல்லத்தையே கொதிகலத்தில் இட்டால் என்ன ஆகும் என்பதும் ஆலோசிக்கத்தக்கது. கரும்பின் பொட்டாசியமும் பிற உப்புகளும் வெல்லத்தில் அப்படியே தங்கியிருப்பதால், ஈஸ்ட்டுக்கு அது சர்க்கரையோடு தாதுக்களையும் சேர்த்துத் தரும். நொதித்து முடிந்தபின் சர்க்கரை போய், நாவின் ஓரத்தில் மெல்லிய உவர்ப்பும், வாற்கோதுமையின் உமியிலிருந்து வந்த கிராம்பும், வருஷங்கள் காத்திராமல் முதல் நாளிலேயே வந்துவிட்ட வெந்தயச் சாயலும் எஞ்சும். வெளுத்த வெல்லத்தை வைத்து அதே பரிசோதனையைச் செய்தால் ஆல்கஹால் அதே அளவு கிடைக்கும், வெந்தயச் சாயல்தான் குன்றிவிடும்.